அண்ணிக்கு வரும் மடக்குப் பெட்டி

சேசு மரி சூசை

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
1934, மே மாதம்,
மோட்ச ஆரோகணத் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள அண்ணன் அல்போன்சுக்கும் அண்ணி பெர்னதெத்துக்கும், அம்மா வேளாங்கண்ணி சொல்லச் சொல்லத் தங்கை ரொசாலி எழுதிக்கொண்டது. இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் கொல்லை மாமரமும் மாதாவின் தயவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், கடலுக்கு அந்தப் பக்கம் சைகோனில் நீங்கள் இருவரும், அண்ணி வயிற்றில் இருக்கும் மூன்றாவது ஆளும் அப்படியே இருக்கிறீர்கள் என்ற சேதி வரவேண்டும் என்று செபமாலை முடிந்த பிறகும் அம்மா ஒரு அருள்நிறை மந்திரம் கூடுதலாகச் சொல்கிறாள். அவள் சொல்வதைச் சொன்னபடியே எழுது என்றுதான் என்னை உட்கார்த்தினாள், ஆனால் வெள்ளைக்கார மதாம் வீட்டுச் சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டே சொல்வதால் பாதி வாக்கியத்தில் ஊசியோடு போய்விடுகிறாள், மீதியை நானே முடிக்க வேண்டியிருக்கிறது. நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்பது உனக்குத் தெரியும் அண்ணா, பிழை கண்டால் அண்ணியிடம் காட்டிச் சிரிக்காதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதம் தபால்பையில் வரவில்லை. நீ இப்போது திறந்திருக்கிறாயே அந்த அட்டைப் பெட்டி, அதன் மூடிக்கு அடியில் பழங்களின் தலைமேல் இதை வைக்கப்போகிறோம். மெழுகுத்துணியில் சுற்றி வை என்று அப்பா சொன்னார், அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். எழுத்து எழுத்தாக நீ இதைப் படிக்க முடிந்தால் பெட்டிக்குள் ஈரம் போகவில்லை என்று அர்த்தமாம், மசி கலைந்து மாம்பழச் சாறு வாசம் அடித்தால் நாங்கள் தோற்றுவிட்டோம் என்று அர்த்தமாம். ஆகவே இந்தக் காகிதம் எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து பார்த்து எழுது.

அப்பா கப்பல்துறைப் பாலத்து வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார், கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகும் சலங்குப் படகிலிருந்து மூட்டை ஏற்றி இறக்கும்போது முதுகில் பிடித்துக்கொள்கிறதாம், எண்ணெய் தேய்க்கச் சொன்னால் வாசனை வருகிறது என்று ஓடுகிறார். அம்மாவுக்கு ஊசிக்காது தெரிவதில்லை, நான்தான் நூல் கோத்துக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டு ராஜாம்பாளின் ஆடு போன வாரம் மதாம் சட்டையின் லேஸ் கழுத்துப்பட்டியை மென்றுவிட்டது, அம்மா ஆட்டின் வாயிலிருந்து இழுத்த இழுப்பில் லேஸ் வந்தது, ஆடும் கூடவே வந்தது, துவைத்துப் புதிதுபோலத் தைத்துவிட்டோம், மதாமுக்குத் தெரியாது, நீயும் யாரிடமும் சொல்லாதே. கொல்லை ருமானி மாமரம் இந்த வருஷம் கிளை ஒடியக் காய்த்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவுக்கு உங்கள் ஞாபகம்தான்.

போன வருஷம் அனுப்பிய கூடையைப் பற்றி நீ எழுதியிருந்தாயே அண்ணா, திறந்தால் பழமெல்லாம் கூழாகி இருந்தது, ஆற்றில் கொட்டிவிட்டேன், இனிமேல் அனுப்பிக் கஷ்டப்படாதீர்கள் என்று, அதை நான் படித்துக்காட்டியபோது அம்மா கொதிக்காத உலையைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு இந்த வருஷம் அண்ணி கைப்பட எழுதிய கடிதம் வந்தது. வாயில் எதுவும் தங்கவில்லை, அந்த ஊர்ச் சோறு கொதிக்கிற வாசனையே ஆகவில்லை, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது என்று ஆஸ்பத்திரியில் பயப்படுகிறார்கள், கண்ணை மூடினால் நம் கொல்லை ருமானியின் மணம்தான் வருகிறது என்று. அதற்குக் கீழே, இதை அத்தைக்குப் படித்துக்காட்டாதே ரொசாலி என்றும் எழுதியிருந்தீர்கள் அண்ணி. நான் அந்த வரியையும் சேர்த்து உரக்கப் படித்துவிட்டேன், படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று புரிந்தது, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "தாயில்லாப் பொண்ணு. ஏழாம் மாசம் கட்டுச்சோறு கட்டிக்கினு போவ வேண்டியவ நானு. கடல் மேல எப்படி நடந்து போவேன்" என்றாள். அப்பா, "நீ நடக்க வேணாம், உன் மாங்கா போவட்டும்" என்றார். அன்றிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சைகோனில் உங்கள் தெருவில் இருக்கும் ஆதிமூலம் அண்ணன் லீவில் வந்திருக்கிறார், இந்தக் கப்பலில் திரும்புகிறார் என்று தெரிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டார். "அக்கா, உன் கால்ல விழறேன், கூடை மட்டும் வேணாம். போன தடவ உன் கூடையிலருந்து ஒழுகன சாறு என் வெள்ளக் கோட்டுல இறங்கி, சைகோன்ல நான் எறங்கறப்ப எறும்புங்க எனக்கு ஊர்கோலம் நடத்துச்சு" என்றார். அம்மா நகரவில்லை. அவரும் நல்லவர்தானே, கடைசியில் இறங்கிவந்து, "ஒழுவக்கூடாது, நசுங்கக்கூடாது, எனக்கு பாரமா இருக்கக்கூடாது, அப்படி ஒண்ணுல வச்சுக் குடு, தலமேல வச்சுக்கினு போறேன்" என்றார். அது என்னவோ கதையில் ராசகுமாரிக்கு வைக்கும் சோதனைபோல எனக்குப் பட்டது. கிருஷ்ணசாமி ஆசாரியிடம் சொல்லிப் பலகைப் பெட்டி ஒன்று கொண்டுவந்து பார்த்தோம். வெறும் பெட்டியைத் தூக்கும்போதே அப்பா முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெட்டியில் இப்போது ராஜாம்பாளின் ஆடு தூங்குகிறது.

பலகைப் பெட்டியில் பரப்புவதற்காக அம்மா வைக்கோலை உதறிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. நான் அப்போது நமக்கென்று பறித்த காய்களை உள்ளே பானையில் வைக்கோல் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன், சீக்கிரம் பழுக்கட்டும் என்று. அவள் கையிலும் வைக்கோல், என் கையிலும் வைக்கோல். அம்மா என்னைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், அப்படியே நின்றுவிட்டாள். "அடி பாவி, பழுக்கறதுக்குப் போடற வைக்கோலயே மெத்த மெத்தயா போட்டு அனுப்பியிருக்கமே. கப்பல் ஏறன நாளே அதுங்க பழுக்க ஆரம்பிச்சிருக்குமே" என்றாள். ஆசையாக, அடிபடாமல் போகட்டும் என்று திணித்த வைக்கோல்தான் அண்ணா அத்தனையையும் கூழாக்கியது. அதனால் இந்தப் பெட்டியில் வைக்கோல் ஒரு துரும்புகூடக் கிடையாது, தேடாதே, காற்று போகப் பக்கவாட்டில் ஓட்டை மட்டும் வைத்திருக்கிறோம்.

அட்டை எங்களுக்குக் கிடைத்தது கலியமூர்த்தி முதலியார் கடையில். அம்மா தையல் நூல் வாங்க உள்ளே போயிருந்தாள், நான் வழக்கம்போல வாசலில் கதவோரம் நின்றேன். பிரான்சிலிருந்து வந்த ஒயின் போத்தல்களை முதலியார் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போத்தலும் ஒரு பழுப்பு அட்டைச் சட்டை போட்டிருந்தது. கழற்றக் கழற்ற ஒரு போத்தல்கூட உடையவில்லை. அத்தனை கடல், அத்தனை அலை, பாலத்தில் அப்பா ஆட்கள் வீசும் வீச்சு எல்லாம் தாண்டி வந்த கண்ணாடி, சும்மா ஒரு அட்டைக்குள் இருந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. அம்மா விசாரித்ததற்கு, "கர்த்தோன்மா இது, கர்த்தோன். அடுப்புக்குக்கூட ஆவாது, புகையுது. வேணும்னா எடுத்துக்கினு போ" என்று முதலியார், போத்தல் அடுக்குகளுக்கு நடுவே விரித்திருந்த அதே அட்டையைப் பெரிய பெரிய தாளாக ஒரு கட்டுக் கொடுத்தார். தலையில் வைத்துக்கொண்டு வந்தேன், தலையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அதன் ஓரத்தைப் பார்த்தேன் அண்ணா. இரண்டு தாளுக்கு நடுவே இன்னொரு தாள் அலை அலையாக வளைந்து போகிறது. அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை, தாளும் காற்றும். அந்த அலை ஓட்டைகளை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் கண் வைத்துப் பார்த்தால் வரிசையாகக் குட்டிக் குட்டி விளக்குகள். இதற்குள் ஒன்றுமே இல்லையே, எது அந்தப் போத்தல்களைத் தாங்கியது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், அம்மா கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை, ஒரு குட்டு வாங்கினேன்.

முதல் பெட்டியை நாங்கள் கஞ்சிப் பசை காய்ச்சி ஒட்டினோம். கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் ஒட்டுவதுபோல நாலு பக்கமும் ஒட்டிக் காயவைத்தால் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கரப்பான்கள் பசையை எல்லாம் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தன, பெட்டி பூ விரிந்ததுபோல நாலு பக்கமும் விரிந்து கிடந்தது. அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "வீட்டுக் கரப்பானே இப்படின்னா கப்பல் கரப்பான் ஒவ்வொண்ணும் எலி சைசு, பெட்டியோட சேத்து ஆதிமூலத்தயும் துன்னுடும்" என்றார். அம்மாவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் கருவாடு கிடையாது. ஆனால் நான் அந்த விரிந்து கிடந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதாம்களுக்குச் சட்டை வெட்டும்போது அம்மா தரையில் பரப்புவாளே தாள் மாதிரி, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து எல்லாம் தட்டையாகக் கிடக்குமே, அப்படியே இருந்தது. தட்டையாகக் கிடக்கும் அந்தத் தாள்தான் பிறகு ஒரு மதாமைச் சுற்றி நின்றுகொண்டு கோவிலுக்குப் போகிறது. அப்படியென்றால் பெட்டியும் ஒரு சட்டைதானே, பழம் போட்டுக்கொள்ளும் சட்டை. பசை இல்லாமல், நூல் இல்லாமல், பட்டன் மட்டும் போட்டு மாட்டுகிற சட்டை. இதை எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. ஒரு துண்டு அட்டையில் ஒரு பக்கம் நாக்குபோல வெட்டி, மறுபக்கம் ஒரு கீறல் போட்டு, நாக்கைக் கீறலில் செருகி அம்மா மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டேன். குடத்தோடு திரும்பி வரும்போது அவள் மதாம் துணியை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு முழு அட்டையையும் தரையில் விரித்து, பல்லில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, அதன்மேலேயே முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலை நீட்டினாள்.

அதன் பிறகும் சுலபமாக வரவில்லை. நாக்கைச் செருகி இழுத்தால் கீறலின் முனை கிழிந்துகொண்டே போனது. அம்மா அதற்கு உடனே மருந்து கண்டுபிடித்தாள், பட்டன் காஜா எடுக்கும்போது முனை கிழியாமல் இருக்க வட்டமாகக் கட்டுவோமே, அதுபோல ஒவ்வொரு கீறலின் முனையிலும் கோணி ஊசியைக் காய்ச்சி வட்டமாக ஓர் ஓட்டை போட்டாள். கிழிவது அந்த ஓட்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது, ஏதோ வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல. ஒரு வெறும் ஓட்டை எப்படி ஒரு கிழிசலை நிறுத்துகிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்தது அப்பா பெட்டிமேல் அம்மிக் குழவியை வைத்துப் பார்த்தார், பக்கச் சுவர் மடிந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு கவனித்தால், வெட்டிய அவசரத்தில் அலை வரிகள் ஏணிப் படிபோலப் படுத்துக் கிடந்தன. அம்மா தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள், "நேர் நூல் பாக்காம குறுக்கு நூல்ல வெட்டிட்டன்டி, துணியா இருந்தா மதாம் என்ன தொரத்தியிருப்பா" என்றாள். வரி செங்குத்தாக நிற்கும்படி அடுத்த பெட்டியை வெட்டினோம். அதே அட்டை, அதே அளவு, அதே குழவி. இந்தத் தடவை அது அசையவே இல்லை. படுத்திருந்தபோது தாளாக இருந்தது நின்றவுடன் தூணாகிவிட்டது, பெரிய கோவிலில் தூண் வரிசையைப் பார்த்தால் வாய் பேசாமல் போகுமே, எனக்கு அப்படி ஆகிவிட்டது.

ஆனால் எல்லாவற்றையும்விட மடங்குவதுதான் அண்ணா. நாக்குகளை உருவிவிட்டால் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல அப்படியே தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கினால் மறுபடி சுவரும் அடியுமாக எழுந்து நிற்கிறது. அம்மா இதை எத்தனை தடவை செய்து பார்த்தாள் என்று சொன்னால் நம்பமாட்டாய், அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. அன்று அப்பா வேலை முடிந்து வந்து பாயில் காலை நீட்டிப் படுத்தார், கொஞ்ச நேரம் கழித்து, "பெட்டி பெட்டின்னு அல்லாடனீங்களே, எங்க பெட்டி" என்று கேட்டார். அம்மா, "அது மேலதான் படுத்திருக்க" என்றாள். அவர் எழுந்து பாயைத் தூக்கிப் பார்த்தார். நான் அதை இழுத்து நிமிர்த்தி அவர் முன்னால் வைத்தேன். அப்பா பாலத்தில் எத்தனையோ விதமான பெட்டி, பீப்பாய், மூட்டை பார்த்தவர், அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், தொடவில்லை, கடைசியில் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோவிலில்தான் அவர் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

அப்பாதான் சொன்னார், சலங்கிலிருந்து கப்பலுக்கு ஏற்றும்போது யாரும் பூப்போல வைக்கமாட்டார்கள், அலை மேலே வரும்போது வீசுவார்கள், கீழே போகும்போது பிடிப்பார்கள் என்று. அதனால் பழம் வைத்துத் தூக்கிப் போட்டுப் பார்த்தோம். பெட்டி பிழைத்தது, உள்ளே ருமானிகள் உருண்டு ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டன. அதற்காகக் குறுக்கும் நெடுக்குமாக அட்டைப் பட்டைகளை ஒன்றில் ஒன்று கோத்து ஒவ்வொரு காய்க்கும் தனித்தனி அறை கட்டினோம், அந்தப் பட்டைகளும் மடங்கும். அம்மா அதைப் பார்த்து, "நம்ம வீட்லகூட இவ்ளோ ரூம் இல்லியே" என்றாள். மழைக்காகக் கோவிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்து, சீவி வெளிப்பக்கம் தூவி, மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தோம். வீடு முழுக்கப் பூசை நேரத்து வாசனை. மாதாவுக்கு எரிந்த மெழுகு அண்ணிக்குக் குடையாகப் போகிறது என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

நேற்றுத் திருநாள் பூசை முடிந்து ஆதிமூலம் அண்ணன் பார்க்க வந்தார். நான் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "என்னாக்கா இது, தாள்ல மாங்காவா? சைகோன்ல மழ ஊத்துனா கஞ்சியாயிடும், ஸ்பூன் வச்சுத்தான் குடிக்கணும்" என்றார். அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினாள், மெழுகின்மேல் உருண்டு ஓடியதை முந்தானையால் துடைத்தாள். அவர் விடவில்லை, கப்பலில் இதன்மேல் டிரங்குப் பெட்டி ஏற்றுவார்கள் என்றார். அம்மா, "அப்ப நீயே ஏறி உக்காரு" என்றாள். உள்ளே பழம் இருக்கிறது அண்ணா, அண்ணிக்கென்று பொறுக்கிப் பொறுக்கிக் காம்போடு பறித்த காய்கள், மரத்தில் இனி அந்தப் பக்குவத்தில் காய் இல்லை. சைகோன் சோறு ஆதிமூலம் அண்ணன் உடம்பில் மட்டும் நன்றாக ஒட்டியிருக்கிறது என்பது உனக்குத் தெரியும். அவர் வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். பெட்டி ஒரு முனகல் முனகியது. நான் கதவிடுக்கில் கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மந்திரத்தை ஆரம்பித்தேன், பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அப்பா, "கால ஊனிக்கினு ஏமாத்தறியா, ரெண்டயும் தூக்குப்பா" என்றார். அவர் இரண்டு காலையும் தூக்கினார். நான் கண்ணைத் திறந்தபோது ஆதிமூலம் அண்ணன் காலை நீட்டிக்கொண்டு, கையை விரித்துக்கொண்டு, தாள்மேலும் காற்றின்மேலும் உட்கார்ந்திருந்தார். ஆடுகூட எட்டிப் பார்த்தது.

அவர் இறங்கியதும் அம்மா மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு காயும் அதன் அறையில் அப்படியே இருந்தது, காம்பு ஒடியவில்லை. ஆதிமூலம் அண்ணன் அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. மடக்குவது எப்படி என்று அல்போன்சுக்குக் காட்டவேண்டும், எனக்கு ஒரு தடவை காட்டுங்கள் என்றார். அம்மா என்னைக் கூப்பிட்டாள். தலையைத் தூக்காமல் வந்து, தலையைத் தூக்காமல் வெறும் பெட்டி ஒன்றை மடக்கிக் காட்டினேன். அவர் அந்த அட்டையை வாங்கி முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், பெட்டி எங்கே ஒளிந்துகொண்டது என்று தேடுவதுபோல. "இத யாரு யோசிச்சது" என்று கேட்டார். அம்மா என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அம்மா என் தலைமேல் கையை வைத்துவிட்டாள். நான் கிணற்றடிக்கு ஓடிவிட்டேன். முதலியாருக்கும் யாரோ சொல்லி, அவரும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "பழம் போய் நல்லா சேந்துச்சுன்னா எனக்கு ஒரு சேதி சொல்லு வேளாங்கண்ணி, மீதி அப்பறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதை மறந்துவிட்டாள், அவளுக்கு அண்ணி வாயில் ஒரு துண்டு தங்கவேண்டும், வேறு நினைப்பு இல்லை.

இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது அண்ணா. நாங்கள் ஊற்றியது ஒரு சொம்புத் தண்ணீர், அங்கே இருப்பது முழுக் கடல். ஆதிமூலம் அண்ணன் உட்கார்ந்தது கொஞ்ச நேரம், டிரங்குப் பெட்டி உட்காருவது சைகோன் வரைக்கும். எந்த நிமிஷத்தில் எது நடக்கும் என்று யாருக்குத் தெரியும், பதில் வரும்வரைக்கும் அம்மா மாங்காய் தொடமாட்டேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள், மரம் நிறைய வைத்துக்கொண்டு.

அம்மா இப்போது ஊசியைக் குத்திவைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள், இனிமேல் அவள் சொல்வது, அண்ணி என்ற சொல்லும் மரியாதையும் மட்டும் என்னுடையது. காய்கள் கப்பலில் மெதுவாகப் பழுக்கும், மேல் வரிசையில் காம்புப் பக்கம் மஞ்சளாக இருப்பதை முதலில் எடு. அண்ணிக்கு வெறும் வயிற்றில் கொடுக்காதே, ஒரு வாய் கஞ்சியாவது போன பிறகு கொடு. முதலில் ஒரு சிறு துண்டு போதும், முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்னச் சொல், பாதி தெம்பு முகர்வதிலேயே வந்துவிடும். தோலை எறியாமல் அண்ணியின் தலைமாட்டில் ஒரு தட்டில் வை. அண்ணி, கனமான குடம் தூக்காதீர்கள், இடது பக்கம் சாய்ந்து படுங்கள், பயம் வந்தால் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கட்டுச்சோறு கட்டி வர முடியவில்லை, இதையே கட்டுச்சோறு என்று ஏற்றுக்கொள்ளுங்கள். அல்போன்சு, அவள் வாந்தி எடுத்தால் முகம் சுளிக்காதே, உன்னைச் சுமந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன், உன் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெட்டியை எறிந்துவிடாதே. மெழுகு ஒட்டாத உள்பக்கம் வெளியே தெரியும்படி தட்டையாக மடக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திரு. மாதா புண்ணியத்தில் பிள்ளை நல்லபடியாகப் பிறந்த பிறகு, அந்த அட்டையை விரித்து, மேலே ஒரு துணி போட்டு, துணிமேல் பிள்ளையைக் கிடத்து. பிறகு பிள்ளையைச் சுற்றிப் பென்சிலால் மெதுவாகக் கோடு போடு, தலை, தோள், கை, கால் எல்லாம் தெரியும்படி, துணியில் போட்ட கோட்டைப் பிறகு அட்டைக்கு ஏற்றிவிடு. அப்பாவும் அம்மாவும் தங்கையும் பார்க்காத பிள்ளை அந்த அட்டையில் மடங்கிக் கப்பலில் வரட்டும். வந்து சேரும்போது பிள்ளை அதைவிட வளர்ந்திருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், தையற்காரிக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை, பிள்ளைக்குத் தைக்கும் சட்டையைப் பிறகு பிரித்துவிட உள்ளே மடிப்பு வைத்தே வெட்டுவாள். ஆனால் முதலில் அந்த அட்டையை இதே தரையில் விரித்து, பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஒரு தடவை அளவு பார்க்கவேண்டுமாம்.

சேசுநாதர் உங்கள் மூவருக்கும் முன்னால் நடக்கட்டும், மாதா பின்னால் வரட்டும், சூசையப்பர் வாசலில் காவல் நிற்கட்டும். ஞாபகம் இருக்கட்டும், நாக்குகளைப் பிய்க்காதே, அமுக்கி உருவு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற வேளாங்கண்ணி போட்ட சிலுவைக் குறி ✝
பக்கத்தில் நின்று தலையாட்டியது அப்பா
எழுதியது தங்கை ரொசாலி